உப்புத் தண்ணீரை மின்னாற்பகுத்தல்: ஹைட்ரஜன், குளோரின், காஸ்டிக் சோடா மூன்றையும் தனித்தனியே பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

உப்புத் தண்ணீரில் இரண்டு பென்சிலை நிறுத்தி பேட்டரியை மாட்டினால் அடுத்த நொடியே குமிழி வந்துவிடும். இவ்வளவு சுலபமாக ஆரம்பிப்பதால்தான் புதிதாகச் செய்கிறவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். குமிழியைப் பார்த்ததும் சோதனை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் குமிழி எந்த வாயு, தண்ணீரில் என்ன மிச்சமாகிறது, கடைசியில் அதை எங்கே கொட்டுவது என்ற கேள்விகளெல்லாம் அப்புறம்தான் வருகின்றன. அதற்குள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு இதைப் பலமுறை செய்திருக்கிறேன். அவர்கள் எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள் என்பதை வைத்தே கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் இதைச் செய்யக் கூடாது.

1. என்ன நடக்கப்போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டிய பென்சில் நேர்மின்வாய். அங்கே குளோரைடு தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் குளோரின் வாயுவாகிறது. மைனஸ் முனையில் மாட்டியது எதிர்மின்வாய். அங்கே சோடியம் உலோகம் வந்து படியும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள், ஆனால் படியாது. சோடியம் அயனியைவிடத் தண்ணீர் மிக எளிதாக எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். அதனால் ஹைட்ரஜன் வாயு கிளம்புகிறது, ஹைட்ராக்சைடு அயனி தண்ணீரிலேயே தங்குகிறது. சோடியம் அயனியும் அந்த ஹைட்ராக்சைடும் ஒரே இடத்தில் இருந்தால் அதுதான் சோடியம் ஹைட்ராக்சைடு, கடைப் பேச்சில் காஸ்டிக் சோடா.

ஆக, ஒரு பக்கம் குளோரின், மறு பக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும். இரண்டு பக்கமும் கலக்காமல் இருந்தால்தான் இந்த மூன்றும் கிடைக்கும். கலந்துவிட்டால் குளோரினைக் காஸ்டிக் சோடா உறிஞ்சிக்கொண்டு சோடியம் ஹைப்போகுளோரைட்டாக, அதாவது ப்ளீச்சாக மாறிவிடும். இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி அந்தக் கலப்பைத் தடுப்பதற்காகத்தான்.

2. இடத்தையும் அளவையும் முடிவு செய்யுங்கள்

பொருட்களை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறேன், காரணம் குளோரின் நச்சு வாயு. எவ்வளவு வரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கீழே சொல்லும் அமைப்பில் ஏறக்குறைய 80 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடும். பத்து நிமிடம் ஓடினால் குளோரின் சுமார் 18 மில்லிகிராம், காஸ்டிக் சோடா சுமார் 20 மில்லிகிராம், ஹைட்ரஜன் ஏறக்குறைய 6 மி.லி. கிடைக்கும். மூன்று மீட்டர் நீள, அகல, உயரம் உள்ள ஓர் அறையில் அந்தக் குளோரின் முழுவதும் பரவினாலும், காற்றில் பத்து லட்சத்தில் 0.2 பங்குதான் இருக்கும். உண்மையில் அதில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்து நின்றுவிடும்.

இதே அறையில் பெரிய பேட்டரி ஒன்றை வைத்து 1 ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் விட்டால் குளோரின் 1.3 கிராம் வரும். காற்றில் அது பத்து லட்சத்தில் 17 பங்கு. 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அளவுகோல். பெரிதாகச் செய்து பார்க்கலாமா என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

ஆகவே பத்து நிமிடம், 9 வோல்ட், அதற்கு மேல் வேண்டாம். இடம் மொட்டை மாடி நிழலாகவோ திறந்த வராண்டாவாகவோ இருக்கட்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் தள்ளி இருந்து பார்க்கட்டும். இன்வெர்ட்டர் பேட்டரி, கார் பேட்டரி, வீட்டு மின்சாரம் எதையும் இதற்குத் தொடவே கூடாது.

3. தேவையானவை

- கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற லெவல் டியூப், உள்விட்டம் சுமார் 12 மி.மீ., நீளம் 30 செ.மீ. ஹார்டுவேர் கடையில் அளந்து வெட்டித் தருவார்கள்.
- 2பி பென்சில் இரண்டு.
- சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல் ஆறு, அவற்றை வரிசையாக மாட்டும் பெட்டி ஒன்று. ஆறும் சேர்ந்தால் 9 வோல்ட்.
- க்ரோக்கடைல் கிளிப் வைத்த ஒயர் இரண்டு, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.
- உப்பு, செம்பருத்திப் பூ, மஞ்சள் தூள், வெள்ளைத் தாள்.
- பழைய பரீட்சை அட்டை, செல்லோ டேப்.
- பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, ஒரு பக்கெட் தண்ணீர்.
- மீன் தொட்டிக் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் கற்கள் கொஞ்சம். ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட்தான் அது. கடைசிப் படியில் வேண்டும், ஆனால் இப்போதே வாங்கி வையுங்கள். சோதனை முடிந்த பிறகு கடைக்கு ஓடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மல்டிமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் செய்யலாம்.

4. பென்சிலைச் சீவுங்கள்

நேர்மின்வாயில் எதை வைக்கிறோம் என்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். இரும்பு ஆணியை வைத்தால் குளோரின் வருவதற்குப் பதில் ஆணியே கரையும். கொஞ்ச நேரத்தில் அழுக்குப் பச்சையும் பழுப்புமாக ஒரு சேறு மிதக்கும். செம்புக் கம்பியும் அப்படித்தான். எவர்சில்வர் கரண்டி கரையாது என்று நினைத்துச் சிலர் வைப்பார்கள், அது இன்னும் மோசம். அதில் உள்ள குரோமியமும் நிக்கலும் தண்ணீரில் இறங்கும், குரோமியம் கொடிய நச்சு வடிவத்துக்கு மாறவும் வாய்ப்பு உண்டு. பென்சில் நடுவில் இருக்கும் கிராஃபைட் கரையாது. மெல்ல உதிரும், அவ்வளவுதான்.

ஹெச்பி பென்சிலைவிட 2பி பென்சிலில் கிராஃபைட் அதிகம், களிமண் குறைவு. அதனால் மின்சாரம் சுலபமாகப் போகும். கீழ்முனையில் 5 செ.மீ. அளவுக்கு மரத்தைப் பிளேடால் மெதுவாகச் சீவி எடுங்கள். ஷார்ப்னரில் போட்டால் இவ்வளவு நீளம் நிற்காது, உடைந்துவிடும். மேல்முனையில் கிளிப் கவ்வ ஒரு சென்டிமீட்டர் போதும். நடுவில் மரம் அப்படியே இருக்கட்டும்.

தண்ணீருக்குள் வெறும் கிராஃபைட் மட்டும் போக வேண்டும், மரம் நனையக் கூடாது. மரம் நனைந்தால் உப்புத் தண்ணீர் அதன் வழியே மேலேறிக் கிளிப்பைத் தொடும். கிளிப் அரித்துப் பச்சையாக வழியும். ஒருமுறை ஒரு மாணவி டியூபுக்குள் அழகான நீலப்பச்சையைக் காட்டி, "சார், குளோரின் வந்துடுச்சு" என்றாள். கிளிப்பைக் கழற்றிப் பார்த்தோம். அதன் பல்லிடுக்கில் அதே பச்சை கெட்டியாக ஒட்டியிருந்தது. அது செம்பு. கரைந்த குளோரின் அவ்வளவு அடர்த்தியாகத் தெரியாது. டியூபுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால்தான் லேசான பச்சை கலந்த மஞ்சள் கண்ணுக்குப் படும்.

5. உப்புக் கரைசலும் நிறக்காட்டியும்

ஐந்தாறு செம்பருத்தி இதழ்களைக் கால் டம்ளர் சுடுதண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் சாறு இறங்கும். ஆறியதும் வடிகட்டுங்கள். அமிலமா காரமா என்பதை நிறம் மாறிக் காட்டப்போகும் நிறக்காட்டி இதுதான். அதில் 20 மி.லி., சாதாரணத் தண்ணீர் 80 மி.லி., உப்பு 30 கிராம். நன்றாகக் கலக்குங்கள். 100 மி.லி. தண்ணீரில் 36 கிராம் வரை கரையும் என்பதால் 30 கிராம் எளிதில் கரைந்துவிடும்.

உப்பு இவ்வளவு எதற்கு? அரை ஸ்பூன் போட்டாலும் குமிழி வரத்தான் செய்யும். ஆனால் கரைசல் நீர்த்திருந்தால் நேர்மின்வாயில் குளோரைடுக்குப் பதில் தண்ணீர் எலக்ட்ரானைக் கொடுக்கும், வருவது ஆக்சிஜனாக இருக்கும். "குமிழி வருது, ஆனா எதுவும் வெளுக்கல" என்று வருகிறவர்களிடம் முதலில் எத்தனை ஸ்பூன் உப்பு என்றுதான் கேட்பேன்.

முதல்முறை பாக்கெட் தூள் உப்பை எடுங்கள். கல் உப்பில் மெக்னீசியமும் கால்சியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். எதிர்மின்வாயில் ஹைட்ராக்சைடு உண்டானதும் மெக்னீசியம் வெள்ளையாகத் திரிந்து மூட்டம் போடும். போர் தண்ணீரிலும் இதே தொல்லை உண்டு, அதனால் கேன் தண்ணீர் நல்லது. இரண்டாவது முறை வேண்டுமென்றே கல் உப்பில் செய்து பாருங்கள், அந்த வெள்ளை மூட்டம் பார்க்க வேண்டிய ஒன்று. காஸ்டிக் சோடா ஆலைகளில் உப்புக் கரைசலை மின்னாற்பகுக்கும் கலத்துக்கு அனுப்பும் முன் பலமுறை சுத்தம் செய்வதற்கு இதே மெக்னீசியமும் கால்சியமும்தான் காரணம்.

இன்னொன்று: மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. டியூபை வளைத்து நிரப்புங்கள்

டியூபை யு வடிவில் வளைத்துப் பரீட்சை அட்டையில் டேப்பால் ஒட்டி, சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். வளைவு நெரிந்துவிடக் கூடாது. ஒரு வாய் வழியாக மட்டும் கரைசலை மெல்ல ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் வாயிலிருந்து 4 செ.மீ. கீழே நிற்கட்டும்.

இப்போது வளைவை உற்றுப் பாருங்கள். காற்றுக் குமிழி ஒன்று குறுக்கே உட்கார்ந்திருந்தால் மின்சாரம் ஓடாது, ஓடினாலும் மிகக் குறைவாக ஓடும். கொத்தனார் மட்டம் பார்க்கும் முன் டியூபைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டுவாரே, அப்படியே விரலால் சுண்டி விரட்டுங்கள்.

ஒரே டம்ளரில் செய்யாமல் ஏன் யு டியூப்? இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே நீண்ட, ஒடுங்கிய பாதை இருப்பதால் அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் இரு பக்கத் தண்ணீரும் சட்டென்று கலக்காது. அந்த நீண்ட பாதையே மின்சாரத்தையும் 80 மில்லி ஆம்பியர் அளவில் கட்டிவைக்கிறது. டியூபைக் குட்டையாக வெட்டினால் இரண்டு பாதுகாப்பும் ஒன்றாகப் போய்விடும்.

டியூபின் வாயைக் கார்க்கோ களிமண்ணோ வைத்து அடைக்காதீர்கள். வாயு வெளியேற வேண்டும். இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் சேர்த்துப் பிடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஹைட்ரஜனும் குளோரினும் கலந்த கலவை வெயில் பட்டாலே வெடிக்கும்.

7. செல்லைக் கடைசியாக மாட்டுங்கள்

கண்ணாடியையும் கையுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். இடது வாயில் ஒரு பென்சில், வலது வாயில் ஒரு பென்சில். சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் என்று அட்டையிலேயே பேனாவால் பிளஸ் என எழுதிவிடுங்கள். பாதியில் மாறிவிட்டால் நீங்கள் பார்ப்பதெல்லாம் தலைகீழாகிவிடும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு கடைசி ஒயரைச் செல்பெட்டியில் இணைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு செல்லை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள் உண்டு. இந்த வினை நடக்கக் குறைந்தது 2.2 வோல்ட் வேண்டும். ஒரு செல்லில் இருப்பது 1.5 வோல்ட். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயன் இல்லை.

8. என்ன பார்க்க வேண்டும்

முதலில் மைனஸ் பக்கம். கிராஃபைட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி நூல்போல ஏறும். அரை நிமிடத்துக்குள் அந்த மேல்பகுதியில் செம்பருத்திச் சாயம் பச்சையாகத் திரும்பும். காரம் ஏறஏறப் பச்சை மஞ்சள் பக்கம் போகும். ஒரு மஞ்சள் தாளை அதில் நனைத்து எடுங்கள், செக்கச்செவேலென்று மாறும். ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் வருகிற அதே சிவப்பு. அங்கே காரம் தருவது சுண்ணாம்பு, இங்கே நீங்கள் செய்த காஸ்டிக் சோடா.

ஹைட்ரஜனைச் சோதிக்க, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியை மைனஸ் பக்கம் மட்டும் விடுங்கள். நுரை எழும்பும். அதை ஸ்பூனில் எடுத்து, டியூபிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, தீக்குச்சியைக் காட்டினால் சின்னதாக டப் என்று வெடிக்கும். டியூபின் வாயிலேயே நெருப்பைக் காட்டாதீர்கள்.

பிளஸ் பக்கத்தில் குமிழி குறைவாகத்தான் தெரியும். இரண்டு வாயுவும் சம அளவு வர வேண்டுமே என்று பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். உண்டாவது சம அளவுதான். ஆனால் ஹைட்ரஜன் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, குளோரின் நன்றாகக் கரையும். முதல் சில நிமிடங்களில் வருவது பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். இந்தப் பக்கம் சாயம் முதலில் இளஞ்சிவப்பாகித் துலங்கும், அப்புறம் வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் நிறமே இருக்காது. குளோரின் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தையும் வெளுக்கும் பொருளையும் உண்டாக்குவதால் இப்படி. வாயின் மேல் ஈரமான செம்பருத்தி இதழ் ஒன்றை வைத்தால் அதன் ஓரம் வெளிறும்.

நீச்சல்குளத்து வாடை லேசாக வரும். குனிந்து மூக்கை வைத்து முகராதீர்கள். தொண்டை கரகரத்தாலோ இருமல் வந்தாலோ உடனே செல்லைப் பிரித்துவிட்டு நல்ல காற்றுக்குப் போங்கள்.

ஆறு ஏழு நிமிடத்தில் யு டியூபின் ஒரு கை பச்சை, வளைவு பழைய ஊதா, மறு கை நிறமற்று என்று மூன்றும் ஒரே குழாயில் நிற்கும். படம் எடுப்பதானால் அப்போது எடுங்கள். பிறகு நிறங்கள் நடுவை நோக்கி நகர ஆரம்பித்துவிடும்.

9. வேண்டுமென்றே கலந்து பாருங்கள்

இது தனிச் சோதனை, ஐந்து நிமிடம் போதும். ஒரு கண்ணாடி டம்ளரில் சாயம் சேர்க்காத உப்புக் கரைசலை ஊற்றி, புதிதாகச் சீவிய இரண்டு பென்சிலையும் 3 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இங்கே பாதை குட்டை என்பதால் ஆறு செல் வேண்டாம், மூன்று செல் வையுங்கள்.

குளோரின் வாடை அதிகம் வராது, அதைப் பார்த்துக் குளோரினே உண்டாகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்டானது அப்படியே காரத்தோடு சேர்ந்து ப்ளீச்சாகிவிட்டது. செல்லைப் பிரித்துவிட்டு, ஒரு சிட்டிகை கேசரி பவுடர் கரைத்த தண்ணீரில் இரண்டு துளியை அதில் விடுங்கள். ஆரஞ்சு நிறம் மெல்லக் கரைந்து மறையும். நீச்சல்குளங்களில் உப்பைப் போட்டே குளோரின் எடுக்கும் கருவிகள் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன.

மேட்டூரிலும் தூத்துக்குடி பக்கம் சாகுபுரத்திலும் காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகளுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு, கலக்கவே கூடாது. இன்றைய ஆலைகளில் யு வளைவின் வேலையை ஒரு மெல்லிய சவ்வு செய்கிறது. சோடியம் அயனியை அது விடும், குளோரைடையும் ஹைட்ராக்சைடையும் தடுக்கும். நேர்மின்வாயில் கிராஃபைட்டுக்குப் பதில், ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் இருக்கும். ஒரு டன் குளோரினோடு 1.13 டன் காஸ்டிக் சோடா வரும். உங்கள் டியூபில் 18 மில்லிகிராமுக்கு 20 மில்லிகிராம் வந்ததும் அதே விகிதம்தான்.

10. நிறுத்துவதும் கொட்டுவதும்

பத்து நிமிடம் ஆனதும் முதலில் செல்பெட்டியில் ஒயரைப் பிரியுங்கள், அப்புறம்தான் பென்சிலைத் தூக்க வேண்டும். ஹைட்ரஜன் நிற்கும் இடத்தில் கிளிப்பை உருவினால் தீப்பொறி வரலாம்.

டியூபில் இருப்பது முழுவதையும் ஒரே டம்ளரில் ஊற்றுங்கள். இவ்வளவு நேரம் பிரித்து வைத்ததை இப்போது கலக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கத்துக் காரம் மறுபக்கத்துக் குளோரினைப் பிடித்துக்கொள்ளும், வாயு வெளியே வராது. அதில் ஆன்டி குளோரின் கல் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றலாம். செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு தாங்காது. டம்ளர் சோதனையின் கரைசலுக்கும் இதே முறை.

காரம் என்பதால் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு விட்டுச் சமன் செய்யலாம் என்று பாடத்தில் படித்ததை நினைத்துச் சிலர் கை நீட்டுவார்கள். கூடவே கூடாது. ப்ளீச்சில் அமிலம் பட்டால் அடங்கியிருந்த குளோரின் முழுவதும் ஒரே மூச்சில் கிளம்பும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் அப்படித்தான், அதனால் அதே சாக்கடையில் அன்றைக்கு ஆசிட் ஊற்றியிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கையில் கரைசல் பட்டு வழவழவென்று இருந்தால் அது காஸ்டிக் சோடா. அந்த வழவழப்பு போகும்வரை தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்தபடி கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கிளிப்புகளைத் தண்ணீரில் அலசித் துடைத்துக் காய வையுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் அடுத்த வாரத்துக்குள் துருப்பிடித்துவிடும். பிளஸ் பக்கப் பென்சிலின் முனை சொரசொரப்பாகி உதிர ஆரம்பித்திருக்கும். அந்த 5 செ.மீ. பகுதியை உடைத்துப் போட்டுவிட்டு, அடுத்த முறைக்குப் புதிதாகச் சீவிக்கொள்ளுங்கள்.